உடம்புள்ள முதலாளி

எனக்குப் பச்சைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, மேடம். சித்திரை வெயிலில்கூட ஒரு சொம்பு வெந்நீர் விளாவித்தான் குளிப்பேன். சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு வைத்த பெயர் 'வெந்நீரு'. நாளெல்லாம் உலைக்குப் பக்கத்தில் வெந்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் வெந்நீர் கேட்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். தணிகாசலம் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் எனக்கே நினைவுக்கு வரும்.

ஏட்டய்யா எழுத வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். எனக்கும் அசதியாகத்தான் இருக்கிறது. கங்கம்மாவைப் புழல் ஜெயிலில் வைத்திருக்கிறீர்கள். அவளை வெளியே விடவேண்டும். அதற்காகத்தான் வந்தேன். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

மில்லில் ஆள் குறைத்தபோது முதல் ஆளாக என்னைத்தான் குறைத்தார்கள். வீட்டில் சந்திரகலா கலங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே என்னிடம் அவள் பெரிதாக எதையும் எதிர்பார்த்ததில்லை; அதில் ஒரு நிம்மதி உண்டு. செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஊர்ல அவனவன் ஆன்லைன்ல விக்கிறான். நீயும் எதுனா வித்துப் பாரேன்யா" என்றாள்.

"இன்னாத்த விக்கிறது?"

"உன் மூஞ்சியத் தவிர எதையாச்சும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. டீ வடிகட்டி, துணிக்கு மாட்டும் கிளிப், பாத்ரூம் கொக்கி. என் முகத்தைவிட எல்லாமே நன்றாகப் போயின. புதுகும்மிடிப்பூண்டியில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, பெட்டி கட்டக் கங்கம்மாவைச் சேர்த்துக்கொண்டேன். என்னைவிட மூத்தவள். ஒரு காலத்தில் நாற்று நட்டாள், பிறகு சிப்காட்டில் கான்ட்ராக்டில் பெருக்கினாள். புருஷன் ஆந்திரா பக்கம் தடாவில் வேறொரு குடும்பத்தோடு சுகமாக இருக்கிறான். "உசுரோட கீறான் இல்ல, அதான் குங்குமம் வெக்கிறேன். அவன் பண்ண ஒரே உபகாரம் அது" என்பாள். என்னை நைனா என்று கூப்பிடுவாள். அவள் அம்மா வீடு ஆந்திர எல்லையில், ஆரம்பாக்கம் பக்கம். அங்கே எல்லோருமே எல்லோருக்கும் நைனாதான். அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். அது பாசமாகவும்தான் இருந்தது.

பிறகு ராடு வந்தது. கவரைப்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். தண்ணீர் சுடவைக்கும் ராடு செய்தவர்கள். மூடுகிறவன் விலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லோடு ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பிளக்கில் மூன்று பின் இருந்தது. ஒயருக்குள் இரண்டே கம்பிதான். எர்த்துக்கான பச்சைக் கம்பி இல்லை. எர்த் பின் என்பது வெறும் அலங்காரம், நாயே இல்லாத வீட்டு வாசலில் எழுதி வைக்கிற 'நாய்கள் ஜாக்கிரதை' மாதிரி. ராடு புதிதாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கொஞ்ச நாளில் உள்ளே ஈரம் இறங்கும். பிறகு வெளியே இருக்கிற இரும்பிலும் கரண்ட் வரும். தரைக்குப் போக அதற்கு வழி இல்லை. தொடுகிறவர்தான் வழி.

எலெக்ட்ரீஷியன் என்பதால் இது எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தெரிந்த பிறகுதான் லோடு ஏற்றினேன். இந்த வரியை ஏட்டய்யா அப்படியே எழுதிக்கொள்ளட்டும்.

நான் முரடன் இல்லை, மேடம். கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் தள்ளி வாசலில் விடுகிறவன். ஆகவே பயம் வந்தது. பயம் வந்தால் விவரம் தெரிந்தவரிடம் போகவேண்டும். பஜாரில் பரோட்டாக் கடை மாடியில் கணக்கு பார்க்கிற ரிஜ்வான் பாயிடம் போனேன். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். யாரிடமும் ஒளிவு மறைவு இல்லாத மனுஷன். இதில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"இன்னாணா, கடைக்குப் பேரு வெச்சிட்டியா?" என்றார்.

"பேரு கெடக்குது பாய். நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நான் தப்பிக்கணும். எப்படிப் பதிவு பண்ணா நல்லது, அதச் சொல்லு."

விரலை மடக்கிச் சொன்னார். "ப்ரொப்ரைட்டர்னா கடையும் நீயும் ஒரே ஆளுணா. கடை உழுந்தா நீயும் உழுவே. பார்ட்னர்ஷிப்புன்னா ரெண்டு பேரா கையப் புடிச்சுக்கினு உழுவீங்க. நீ பேசாம ஒன் பர்சன் கம்பெனி வெச்சுக்க. கம்பெனி தனி ஆளு, நீ தனி ஆளு. எவன் வந்தாலும் கம்பெனி வாசல்ல நின்னு கத்திட்டுப் போவான், உன் ஊட்டாண்ட வரமாட்டான். ஒரே ஒரு தொல்லை, நீ செத்தா யாருன்னு இப்பவே ஒரு பேரு குடுக்கணும்."

வீட்டில் போய்க் கேட்டபோது சந்திரகலா, "செத்தப்புறம் அந்தக் கிளிப்பையும் கொக்கியையும் நான் கட்டிக்கினு அழுவணுமா, வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டாள். அது பிறகு.

பாயிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். "பொருளால யாருக்குனா எதுனா ஆச்சுன்னா?"

"தெரியாம ஆனா ஒரு மாதிரி. நஷ்ட ஈடு, அது இதுன்னு போவும். தெரிஞ்சே வித்தேன்னு வெச்சுக்க, அப்புறம் கம்பெனியாவது மண்ணாவது. போலீசு கம்பெனிய எப்படிணா ஜெயில்ல போடுவான்? அதுக்கு உடம்பே கெடையாதே. உடம்பு இருக்கிற ஆளத்தான் தேடுவான்." பிறகு சிரித்துக்கொண்டே, "இன்னா விக்கப்போற நீ, வெடிகுண்டா?" என்றார்.

"தண்ணி காய வெக்கிற ராடு."

"நல்ல ராடுதான?"

"நல்லா சூடாவும் பாய்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் படி இறங்கும்போது அந்த வார்த்தை கூடவே இறங்கி வந்தது. உடம்பு இருக்கிற ஆள்.

பாய் சொன்ன முதல் வழியைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கடையும் ஆளும் ஒன்று. எல்லாப் பழியும் அந்த ஆளோடு ஒட்டிக்கொள்ளும். நான் அதைப் புரட்டிப் புரட்டி யோசித்தேன். பயப்பட வேண்டியது அந்த ஆள் நானாக இருந்தால்தானே. கடையும் இன்னொருவரும் ஒன்றாக இருந்துவிட்டால் அதைவிடப் பாதுகாப்பான வழி சட்டத்திலேயே இல்லை. மில்லில் ஃபியூஸ் கட்டை என்று ஒன்று வைப்போம். ஏதாவது ஆனால் முதலில் அது எரியும், மெஷின் பிழைத்துக்கொள்ளும். அதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை.

கங்கம்மாவின் கை ராசியான கை. அவள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். யாராவது புது ஷேர் ஆட்டோ எடுத்தால் முதல் சவாரி அவளாகத்தான் இருக்கவேண்டும். முன்சீட்டில் உட்காரவைத்து ஸ்டேஷன்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குப் பொழுது சாயும்வரை யார் கேட்டாலும் அவள் "என் வண்டி" என்றுதான் சொல்லவேண்டும். இன்னார் வண்டி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் ராசி முறிந்துவிடும். அவளும் அன்று முழுக்கப் பேச்சிலேயே ஆட்டோ முதலாளியாக இருப்பாள். "என் வண்டிக்கு இன்னா மைலேஜு தெரியுமா?" என்று பூக்காரியிடம் அளப்பாள். மறுநாள் காலை எனக்குப் பெட்டி கட்ட வந்துவிடுவாள்.

அந்த ஒரு நாளை நான் நீட்டினேன். அவ்வளவுதான்.

"அக்கா, கடைய உன் பேருல பதிய வெக்கலாம்னு கீறேன். உன் கைராசி" என்றேன்.

கையில் இருந்த செல்லோடேப்பைக் கீழே வைத்தாள். "இன்னா நைனா சொல்ற? என் பேருலயா? நான் கையெழுத்துப் போட்டாலே கோழி கிளறுன மாதிரி இருக்கும்."

"கோழிக்கும் கடை வெக்க உரிமை கீது அக்கா."

சிரித்தாள். "அப்ப நான் முதலாளி. நீ யாரு?"

"உன் கிட்ட வேலை செய்றவன்."

"அப்பன்னா போய் டீ வாங்கினு வா."

போய் வாங்கி வந்தேன். அன்றிலிருந்து சாயங்கால டீ வாங்கி வருவது என் வேலை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவளை நான் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை.

ஸ்ரீ கங்கம்மா எண்டர்பிரைசஸ். பெயர்ப் பலகைக்கு மாலை போட்டுத் தெருவில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். போர்டைப் பார்த்துவிட்டு ரிஜ்வான் பாய் என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். "யாருணா இந்தம்மா?" "என் அக்கா மாதிரி பாய்." கங்கம்மாவிடம் மட்டும் ஒன்றைச் சொல்லி வைத்தேன். கடை ஓடுகிறவரை யார் கேட்டாலும் என் கடை, என் பொருள், எல்லாம் நானே செய்தேன் என்று சொல்லவேண்டும். வேறு பெயர் வாயில் வந்தால் ராசி முறிந்துவிடும். "இது எனக்கு நீ சொல்லணுமா நைனா?" என்றாள்.

ஒவ்வொரு பெட்டியின் உள்மடிப்பிலும் மோதிர விரலால் குங்குமம் வைப்பாள். போகிற வீடு நன்றாக இருக்கவேண்டுமாம். வேலை தாமதமாகும் என்று தடுக்கலாமா என்று நினைத்தேன். மனசு வரவில்லை.

என் வீட்டுக்கு ஒரு ராடு எடுத்துப் போனேன். முதலில் ஒயரை மாற்றி மூன்று கம்பி ஒயர் போட்டு, பச்சைக் கம்பியை ராடின் தலையில் சேர்த்து முறுக்கினேன். பத்து நிமிஷ வேலை. ஒரு முழம் ஒயர், ஒரு திருகு. அத்தனை ராடுக்கும் அப்படிச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். நானும் செய்யவேண்டும் என்றுதான் இருந்தேன். ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. சீக்கிரம் அனுப்பினால்தான் ஆன்லைன் தளத்தில் நம் பொருளை மேலே காட்டுவார்கள். பத்து நிமிஷம் என்பது கேட்கத்தான் சின்னது.

மழை விட்டுக் குளிர் ஆரம்பித்ததும் கங்கம்மா ஒரு ராடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "முதலாளி ஊட்ல ஒண்ணு இல்லன்னா நல்லாவா கீது?" நான் வாங்கி, திருப்புளியை எடுத்தேன். எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தாள்.

"இன்னா நைனா பண்ற அத?"

"ஓனரு ஊட்டுக்குப் போற பொருளு. ஸ்பெஷலா இருக்க வேணாமா?"

"அப்படிப் போடு" என்றாள். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது. நான் நல்லவன் என்பதற்கு எப்போதாவது எனக்கே அத்தாட்சி தேவைப்பட்டால் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர் எழுதினார், தொட்டால் சுருக்கென்கிறது என்று. சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடவும் என்று பதில் போட்டேன். நியாயமான பதில்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்தக் குறையைத் தளத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். நல்ல மனுஷர், எடுத்துவிட்டார்.

மீஞ்சூர் சுகிர்தா குறை ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள். 'சீக்கிரம் சூடாகிறது, முதல் ஷிப்ட் போறவங்களுக்கு ரொம்ப உபயோகம்' என்று எழுதி, ஒரு கைகூப்பு பொம்மையும் போட்டிருந்தாள். அதைப் படித்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒருநாள் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். பக்கெட்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தவளைப் பார்த்தது அவள் புருஷன் அன்பு. மேற்கொண்டு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் ஷெட்டுக்கு வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன், மேடம். உங்களுக்கு நினைவிருக்காது. டீ கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான். யார் நீ என்று கேட்டீர்கள். இங்கே வேலை செய்கிறவன் என்றேன். அன்று நான் சொன்னதில் எதுவும் ரெஜிஸ்டர் ஆபீசுக்குத் தெரிந்ததற்கு மாறாக இல்லை.

அவளிடம் பெட்டியைக் காட்டினீர்கள். "இந்தப் பொட்டு யார் வெச்சது?" "நான்தாம்மா." "கடை யாருது?" "என் கடைம்மா." அவள் குரலில் அப்போதுகூட ஒரு பெருமை இருந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் முகம் மாறியது. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதுவரையிலும் பயமில்லை என்றுதான் நினைத்தேன். தெரியாமல் நடந்தது, ஸ்டேஷன் ஜாமீனிலேயே வந்துவிடுவாள், வக்கீலுக்கு ஏற்பாடு பண்ணலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீங்கள் அவள் வீட்டைச் சோதனை போடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அங்கே அந்த ராடு இருந்தது. விற்ற ராடு எதிலும் எர்த் இல்லை. முதலாளி வீட்டு ராடில் மட்டும் பச்சைக் கம்பி சுத்தமாக முறுக்கிச் சேர்த்திருக்கிறது. அப்படியென்றால் முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே விற்றிருக்கிறாள். யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். "இத யார் மாத்துனது?" என்று நீங்கள் கேட்டபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"நான்தாம்மா" என்றாள். "எல்லாம் நானேதான்."

திருப்புளியை எந்தப் பக்கம் திருகவேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

நான் செய்த ஒரே நல்ல காரியம் அவளை உள்ளே தள்ளிவிட்டது. இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது, எனக்குத்தான் இப்போது தெம்பில்லை.

போன வாரம் புழலுக்குப் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இளைத்துப்போய் நின்றாள். நெற்றியில் குங்குமம் இல்லை. நான் ஏதாவது சொல்வதற்கு முன், "நைனா, என் கை இப்படிப் பண்ணிடுச்சே" என்றாள். "அந்தப் பொண்ணு ஊட்டுக்குப் போன பொட்டியிலயும் நான்தான பொட்டு வெச்சேன். இனிமே எந்த ஆட்டோக்காரன் என்ன ஏத்துவான்?"

உன் கை இல்லை அக்கா, என் கை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வார்டர் நின்றிருந்தாள். சொல்லவில்லை.

"உன் பேரு நான் சொல்லல நைனா. நம்ம கடை நிக்கணுமே" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பிறகு சும்மா பேச்சுக்காக, "விடிகாலத் தண்ணி ஐஸு மாதிரி கீது நைனா இங்க. எலும்புல ஏறுது" என்றாள்.

"பழகிடும் அக்கா" என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்தேன். என் மனசு இளகின மனசு. ஒருவர் கஷ்டப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் என்னால் முடியாது.

நீங்கள் கேட்கப்போகிற கேள்வி தெரியும். அவளுடையதை மட்டும் ஏன் சரிசெய்தாய், மற்றவர்களுடையதை ஏன் விட்டாய். நானும் யோசித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள், மேடம். மற்றவர்கள் பின்கோடு.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ராடு வாங்கியது நான். உள்ளே எர்த் இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொண்டு விற்றது நான். மாட்டிக்கொள்ள ஓர் உடம்பு வேண்டும் என்று தேடிக் கங்கம்மாவை முதலாளி ஆக்கியது நான். அவள் வீட்டு ராடில் எர்த் கொடுத்தது இந்தக் கை. அந்த முறுக்கைப் பாருங்கள், மில்லில் பழகிய முறுக்கு. கூட வேலை செய்த யாரைக் கேட்டாலும் வெந்நீரு முறுக்கு என்று சொல்வார்கள். சுகிர்தாவைக் கொன்றது நான்.

இன்னொன்று இருக்கிறது. நீங்கள் ஷெட்டுக்கு வந்த அன்று, சுகிர்தா செய்தி காலையிலேயே என் காதுக்கு வந்துவிட்டது. நீங்கள் வந்தது மதியத்துக்கு மேல். இடையில் கூரியர் வண்டி வந்தது. அன்றைக்குக் கட்டிவைத்த பெட்டிகள் தயாராக இருந்தன. கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்தால் கடைக்குக் கெட்ட பெயர் என்று ஏற்றி அனுப்பிவிட்டேன். கங்கம்மாவுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வழக்கம்போலப் பொட்டு வைத்துக் கொடுத்தாள். முக்கால்வாசி ஊத்துக்கோட்டைப் பக்கம். இந்நேரம் எல்லா வீட்டிலும் உபயோகத்தில் இருக்கும். குளிர் வேறு இந்த வருஷம் அதிகம்.

ஃபோனை எடுக்கிறீர்கள். எடுங்கள், எடுங்கள். நீங்கள் பேசி முடிக்கும்வரை நான் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன். ஏட்டய்யா, நீங்கள் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், எழுதவேண்டாம். புழலில் ஆண்கள் பக்கத்தில் குளிக்க வெந்நீர் கொடுப்பார்களா?